நான்காவது கயிறு

"எந்த ஊருக்குப் போகட்டும் சாமி? சீக்கிரம் சொல்லுங்க. கூண்டு ஏத்திட்டாங்க!"

துரைக்கண்ணு மணல்மேட்டில் மூச்சிரைக்க வந்து நின்றான். துறைமுகத்தில் ஒன்பதாம் எண் புயல் கூண்டு ஏறியிருந்தது. மணி மூன்றுதான். கடல் அதற்குள் கறுத்துவிட்டது.

கையில் ஒரு தடித்த நோட்டு.

மேட்டுச்சாமி தன் குடிசைக் கூரைமேல் பழைய மீன்வலையை இழுத்து விரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எதுக்கு ஊர்?"

"ஓடத்தான்."

"யார் யார்?"

"நான், பூரணி, பிள்ளை. பிள்ளை பொறந்து ஆறு நாள்."

"அவங்க ரெண்டு பேரும் எங்கே?"

துரைக்கண்ணு குடிசையைக் காட்டினான். தெருவில் தண்ணீர் ஏறியதும் காலையில் சாமியேதான் இருவரையும் கூட்டிவந்து உள்ளே உட்காரவைத்திருந்தார்.

பள்ளிக்கூட மாடிக்குப் போகிற பாதையை ஓடை அறுத்துவிட்டது. பஸ் கிடையாது. இதெல்லாம் அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டான். பயந்தவன் அப்படித்தான் கேட்பான்.

"நோட்டில் என்ன?"

"நாலு வருஷ உழைப்பு சாமி. பேப்பரில் வந்ததை எல்லாம் வெட்டி ஒட்டி, ஊருக்கு ஊர் மார்க் போட்டிருக்கேன். நூத்துக்கு. மார்க் கூடினா ஆபத்து."

"படி."

"கூடலூர், மண்சரிவு, எழுபத்தொண்ணு. வேலூர், வெயில், அம்பத்தெட்டு. சென்னை, வெள்ளம், எண்பது..."

"நீ எங்கெங்கே இருந்தே?"

"மலையில இருந்தேன். ஒரே மழையில எதிர்வீடு மண்ணோட போச்சு. எறங்கிட்டேன். கீழே வந்தா, வயல்ல கூட நின்னவன் மேல இடி விழுந்துச்சு. சென்னைக்கு ஓடினேன். அங்கே கழுத்தளவு தண்ணி."

"இந்த ஊருக்கு எவ்வளவு?"

"தொண்ணூத்தி மூணு. பிரசவத்துக்குத் தாய்வீடுதான்னு பூரணி அடம்பிடிச்சா. இல்லேன்னா இங்கே கால் வெச்சிருப்பேனா?"

உள்ளேயிருந்து பூரணி சத்தம் போட்டாள். "பூஜ்யம் மார்க் ஊர் கெடைச்சுதான்னு கேளுங்க சாமி. கல்யாணமான நாளா தேடுறார்."

சாமி சிரித்தார். துரைக்கண்ணு சிரிக்கவில்லை.

"பூஜ்யம் இல்லை. பதினொண்ணு. ஒரே ஒரு ஊர். கடைசிப் பக்கத்துல இருக்கு."

"என்ன ஊர்?"

அவன் வாயைத் திறந்தான். காற்று அறைந்தது.

வந்தது என்று சொல்ல முடியாது. அறைந்தது. கூரை ஒருமுறை மேலே எழும்பி உட்கார்ந்தது. பிள்ளை வீறிட்டது.

வலையின் நான்கு மூலையிலும் நான்கு கயிறு. இரண்டைப் பனைமரத்தில் கட்டியாயிற்று. மற்ற இரண்டுக்கு மரமில்லை, மணலில் அடித்த முளைதான். அந்தக் கரையில் யாரும் முளையில் முடிச்சுப் போடமாட்டார்கள். காற்று உலுக்கினால் முளையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு சுற்று சுற்றி, நுனியை ஆள் பிடிக்கவேண்டும். இழுத்தால் ஒரு சாண் விடவேண்டும். அடங்கினால் ஒரு சாண் வாங்கவேண்டும்.

நான்காவது கயிற்றைச் சாமி அவன் கையில் திணித்தார்.

"கடல் பக்கம் நான். இந்தப் பக்கம் நீ. நான் வந்து உன் தோளைத் தொடுறவரைக்கும் விடாதே."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே சாமி. எந்த ஊர்?"

"பிடி."

சாமி குடிசையைச் சுற்றிக்கொண்டு மறைந்தார். துரைக்கண்ணு நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பிடித்தான்.

விட்டான், வாங்கினான். விட்டான், வாங்கினான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. மழை ஊசியாகக் குத்தியது. கொஞ்ச நேரத்தில் கைக்குப் பழகிவிட்டது. பயத்துக்குத்தான் பழகவில்லை.

"துரைக்கண்ணு! இருக்கியா?"

"இருக்கேன்!"

"நானும் இருக்கேன், யாரும் கேக்கலை," என்றாள் பூரணி உள்ளேயிருந்து.

காற்று இன்னொரு முறை அறைந்தது. எங்கோ பக்கத்துக் கூரை ஒன்று கிழிந்து கீற்றுகள் தலைக்குமேல் பறந்தன. அவன் குனிந்தான்.

நோட்டு நழுவி விழுந்தது.

ஈர மணலில் அது தானாகத் திறந்துகொண்டது. கூடலூர் புரண்டது. வேலூர் புரண்டது. ஒட்டிய பேப்பர்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறந்தன. கடைசிப் பக்கம் மேலே வந்தது. அதன் ஓரம் கிழிய ஆரம்பித்தது.

அந்த ஊரின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் சொல்வான். பிறகு எதற்குத் தாள் என்று நீங்கள் கேட்கலாம். அவனால் அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ள முடியவில்லை.

ஒரு எட்டு. ஒரே எட்டு வைத்தால் கைக்கு வந்துவிடும்.

பூரணி உள்ளே தாலாட்டுப் பாட ஆரம்பித்திருந்தாள். மழையில் பாதிதான் கேட்டது.

"துரைக்கண்ணு! இருக்கியா?"



"டேய், இருக்கியா?"

தோளைத் தொடுறவரைக்கும் விடாதே என்றுதான் சாமி சொல்லியிருந்தார்.

துரைக்கண்ணுவின் இரண்டு கையிலும் நோட்டு இருந்தது.