ராஜா சொன்ன டிஸ்சார்ஜ்

மேற்கே மலையும் கிழக்கே ஏரியுமாக மாறனேரி என்று ஒரு சின்ன சமஸ்தானம் இருந்தது. வெள்ளைக்காரர் தயவில் ஓடிய சமஸ்தானம்தான். ஆனாலும் அதற்கும் ஒரு கோட்டை, ஒரு பீரங்கி, ஒரு ராஜா எல்லாம் உண்டு. ராஜா வீரகேசரித் துரைக்கு நடுவயதில் இங்கிலீஷ் மோகம் பிடித்தது. தமிழில் நீட்டி முழக்கிச் சொல்வதை இங்கிலீஷில் ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. ஆகவே உத்தரவுகளை எல்லாம் ஒற்றை வார்த்தையில் போட ஆரம்பித்தார்.

அதைத் தமிழாக்கி இலாகாக்களுக்குச் சொல்வது துபாஷி திருமேனிப் பிள்ளையின் வேலை. பிள்ளையிடம் ராஜாவுக்குப் பிரியம். அதுதான் திவான் ராகவ ராவின் கண்ணை உறுத்தியது. மகாராஜாவின் வாக்கை இன்னொருவர் மாற்றிச் சொல்வது மரியாதைக் குறைவு, சொன்ன வார்த்தை சொன்னபடியே போகவேண்டும், கூட ஒரு தமிழ்ச்சொல்லும் ஒட்டக்கூடாது என்று திவான் பக்குவமாக எடுத்துச் சொன்னார். ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்று முதல் பிள்ளைக்கு வார்த்தையைச் சுமந்து போய் இறக்கிவைப்பது ஒன்றுதான் வேலை.

இந்தச் சமயத்தில்தான் பீரங்கிக்காரர் காசிம் ராவுத்தருக்குச் சோதனை வந்தது.

வெள்ளைக்கார ஏஜெண்டு துரை ஊருக்கு வந்தார். யானைமேல் அவர் கோட்டை வாசலில் நுழைந்ததும் பீரங்கி முழங்கவேண்டும் என்பது திவானின் ஏற்பாடு. யானை நுழைந்தது; பீரங்கி வாயைத் திறக்கவில்லை. துரை இறங்கிக் கைகுலுக்கிக் கூடாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முழங்கியது. அந்த அவசரத்தில் காசிமின் கையும் வெந்துபோயிற்று. ராஜாவுக்கு அவமானம் தாங்கவில்லை. வேண்டுமென்றே செய்த காரியம் என்று திவான் தூபம் போட்டார். பீரங்கி வேலைக்கு அவருடைய மைத்துனர் ஒருவர் காத்திருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. காசிம் அரண்மனை ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தார். வெளியே காவல். மாஜிஸ்டிரேட்டிடம் வழக்கு.

மறுநாள் சபையில் ராஜா வாய் திறந்தார்.

"காசிம், டிஸ்சார்ஜ்."

வேலையைவிட்டு நீக்கு என்று அர்த்தம். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் ராஜாவின் முகத்தைப் பார்த்தே புரிந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து அந்தப் பீரங்கியே கதியென்று கிடந்த மனுஷன் காசிம். வேறு பிழைப்பு தெரியாது. ஒரு வார்த்தை விசாரிக்கலாமே என்று பிள்ளை ஆரம்பித்ததும், துபாஷிக்குப் பேச உரிமையில்லை என்று திவான் வாயடைத்தார்.

"சரி, எந்த இலாகாவில் போய்ச் சொல்ல?" என்றார் பிள்ளை.

"காசிம் சம்பந்தப்பட்ட எல்லா இலாகாவிலும் போய்ச் சொல்லும்" என்றார் திவான் எரிச்சலாக.

பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். மகாராஜாவின் உத்தரவு என்று சொல்லி அந்த வார்த்தையை இறக்கிவைத்தார். டாக்டருக்கு டிஸ்சார்ஜ் என்றால் ஒன்றுதான் தெரியும். புதுக் கட்டுப் போட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார். காவல்காரன் விடவில்லை, அவனையும் கூட்டிக்கொண்டு மாஜிஸ்டிரேட்டிடம் போனார்கள். அங்கேயும் அதே வார்த்தை. கோர்ட்டில் அதற்கு அர்த்தம், குற்றமில்லை என்று வழக்கிலிருந்து விடுவிப்பது. மகாராஜாவே சொன்னபின் மாஜிஸ்டிரேட் ஏன் மெனக்கெடப் போகிறார்? காவல்காரன் சலாம் போட்டு விலகினான்.

வழியில்தான் நடந்தது என்ன என்று காசிம் சொன்னார். கேட்டுக்கொண்டே பிள்ளை கோட்டைக்கு நடந்தார். அங்கே பீரங்கிப் படை சுபேதாரிடம் வார்த்தையை ஒப்படைத்தார். சுபேதார் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். பீரங்கிக்காரனுக்கு டிஸ்சார்ஜ் என்றால் என்ன? வெடிப்பதுதான்.

அந்த முழக்கத்தில் ராஜாவின் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டிற்று.

பிள்ளையையும் காசிமையும் சபைக்கு இழுத்துவந்தார்கள். ராஜத் துரோகம் என்றார் திவான். பிள்ளை கைகட்டி நின்று, எந்தெந்த இலாகாவில் என்ன நடந்தது என்று அப்படியே ஒப்பித்தார். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்றார். ராஜா திவானைப் பார்த்தார். திவான் தரையைப் பார்த்தார்.

"நேற்று ஏன் நேரத்துக்கு வெடிக்கவில்லை?" என்று ராஜா காசிமையே கேட்டார்.

"யானை மிரண்டுபோய் நின்னுச்சு மகாராஜா. அந்த நேரத்துல வெடிச்சிருந்தா துரை கீழே விழுந்திருப்பார். யானைக் காலுக்கு அடியில."

ஏஜெண்டு துரை தன் கோட்டைக்குள் செத்திருந்தால் சமஸ்தானம் என்ன ஆகியிருக்கும் என்று ராஜாவுக்குத் தெரியும். ஆனால் சபையில் சொன்ன சொல்லை ராஜா எப்படித் திரும்பப் பெறுவது?

"திரும்பப் பெறவேண்டாம் மகாராஜா" என்றார் பிள்ளை. "அதில் இன்னும் ஓர் அர்த்தம் பாக்கி இருக்கிறது. ஒருவன் தன் கடமையைச் சரியாகச் செய்தாலும் இங்கிலீஷ்காரன் அதை டிஸ்சார்ஜ் என்றுதான் சொல்கிறான். காசிம் தன் கடமையைச் செய்யட்டும் என்று உத்தரவானதாக வைத்துக்கொள்ளலாம்."

ராஜாவின் முகம் தெளிந்தது. காசிமைப் பீரங்கிக்கே திரும்பப் போகச் சொன்னார். பிறகு சந்தேகம் வந்தது.

"என்ன பாஷை ஐயா இது? வேலையைவிட்டுத் துரத்தினாலும் டிஸ்சார்ஜ், வேலையைச் செய்தாலும் டிஸ்சார்ஜா? இரண்டுக்கும் வித்தியாசம் வேண்டாமா?"

"இருக்கத்தான் வேண்டும் மகாராஜா" என்றார் பிள்ளை பணிவாக. "ஆனால் மத்தியானத்தில் நம் திவான் ஆபீஸ் பக்கம் போனால், யார் வேலையில் இருக்கிறார், யார் வேலையைவிட்டுப் போய்விட்டார் என்று எனக்கே வித்தியாசம் தெரிவதில்லை."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தோளில் கிடந்த சரிகைச் சால்வையைப் பிள்ளைக்குப் போர்த்தினார். ராஜா சிரித்தால் சபையில் எல்லாரும் சிரிக்கவேண்டும் என்பது மாறனேரி வழக்கம். திவானும் சிரித்தார்.