வஜ்ரவேலுவின் ஹவுஸ்ஃபுல்

அந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊரின் மூன்று தியேட்டரையும் தயாரிப்பாளர் வஜ்ரவேலு வளைத்துப் போட்டுவிட்டார். மூன்றிலும் அவர் படம்தான். வேறு போக்கிடம் இல்லாத ஜனம் குடும்பம் குடும்பமாக வந்து குவிந்தது. ஐந்தாம் நாள் மேட்னிக்கு, வாசலில் தொங்கிய ஹவுஸ்ஃபுல் போர்டுக்கு மாலை போட அவரே வந்து இறங்கினார்.

போட்ட கையோடு புரொஜக்டர் அறைக்கு ஏறி, ஆப்பரேட்டர் காசிலிங்கத்திடம் கேட்டார். "என்னய்யா, எப்படி நம்ம படம்?"

"சுமார்தாங்க."

வஜ்ரவேலுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சுமார் படத்துக்கு இவ்வளவு கூட்டம் வருமாய்யா? இப்பவே நிரூபி. இல்லேன்னா வேலையை விட்டுட்டுப் போ!"

"சரிங்க. இந்த ஊர்ல படம் ஒரு நிமிஷம் நின்னாலே, செத்துப்போன எங்கம்மா வரைக்கும் இழுத்துத் திட்டுவாங்க. சீட்டைக் கிழிப்பாங்க. இப்ப கிளைமாக்ஸ் ஓடுது, நிறுத்துறேன். ஒருத்தர் திட்டினாலும் நான் போயிடறேன்."

"நிறுத்துய்யா, பார்க்கலாம்!"

வில்லனை உதைக்கக் கதாநாயகன் அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தான். காசிலிங்கம் படத்தை நிறுத்தி, அரங்கத்தின் விளக்குகளைப் போட்டார்.

வஜ்ரவேலு சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு விசில் இல்லை, ஒரு வசவு இல்லை. தூங்கிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜனம் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. வாசல்வரை போன ஒருவர் மட்டும் திரும்பி, புரொஜக்டர் அறையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆப்பரேட்டர் அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்!"