பத்தடிப் பந்தயம்

பூவனூர் சமஸ்தானத்தில் ராஜ்யம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ராஜா மட்டும் போகவில்லை. லாயத்தில் குதிரைகளுக்குப் பதிலாகப் பதினான்கு ரிமோட் கார்கள் நின்றன. மகாராஜா வீரபூபதிக்கு அவைதான் உயிர். அரண்மனைக்குப் பின்னால் மண்தடம் போட்டு, ரிமோட் கார் பந்தயச் சங்கம் ஒன்றை நடத்திவந்தார்.

சங்கத்தில் ஒரே ஒரு குறை. ஆக இளைய உறுப்பினருக்கு வயது அறுபத்தொன்று. போன வருடம் சங்கம் வழங்கியது ஒரு கோப்பை, மூன்று மலர்வளையம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடை மகள் நஸ்ரின் வந்தாள். வயது பதினொன்று. உடைந்த கார் ஒன்றைத் தானே பழுது பார்த்து எடுத்து வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வாசலில் இன்னும் பன்னிரண்டு பிள்ளைகள், உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றார்கள்.

சங்கச் செயலாளர் கோதண்டம் குறுக்கே வந்தார். பழைய தளவாய் பரம்பரை. மீசைக்கே தனியாக ஒரு நடை உண்டு.

"எத்தனை பந்தயம் ஓட்டியிருக்கே?"

"இதுதான் சார் முதல்."

"விதி ஏழு. பத்துப் பந்தயம் முடித்தவருக்குத்தான் கோப்பைப் பந்தயத்தில் இடம்."

"சேர்த்துக்கிட்டாதானே சார் பத்து முடிக்க முடியும்?"

"அது உன் கஷ்டம்."

உறுப்பினர்கள் சிரித்தார்கள். நஸ்ரின் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு காரைப் பைக்குள் வைத்தாள். வாசலில் நின்ற பன்னிரண்டு பேரும் அவளோடு திரும்பிப் போனார்கள்.

ஜன்னல் வழியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் மரகதம். அரண்மனைக் காரியதரிசி அவள். ராஜாவின் கடிதங்களை எழுதுவதும், ராஜா உளறியதைச் சரிசெய்வதும் அவள் வேலை. நேரே ராஜாவிடம் போய்ச் சொன்னாள்.

"எனக்கும் பிள்ளைகள் வரணும்னுதான் ஆசை" என்றார் ராஜா. "சனிக்கிழமை கோப்பைப் பந்தயத்தில் அத்தனை பேரும் ஓட்டணும். ஆனா விதிப்புத்தகம் எங்க அப்பா எழுதினது. அதுல ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முடியுமா?"

பக்கத்தில் வந்து நின்ற கோதண்டம் மீசைக்குள் சிரித்தார்.

"முடியும் மகாராஜா" என்றாள் மரகதம். அன்று இரவு முழுக்க விதிப்புத்தகத்தைப் படித்தாள்.

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. பதின்மூன்று பிள்ளைகளையும் வரவழைத்தாள். தரையில் சுண்ணாம்புத்தூளால் ஒரு கோடு போட்டாள். பத்தடி தள்ளி இன்னொரு கோடு. கைக்குட்டையை உயர்த்தினாள்.

"ரெடி... விடு!"

இரண்டு வினாடி. அவ்வளவுதான். "முடிஞ்சது! ஒரு பந்தயம்!" என்று சங்கப் பதிவேட்டில் எழுதினாள்.

கோதண்டம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்ன கூத்து இது?"

"பந்தயம்."

"பத்தடியா?"

ராஜாவும் வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "'பந்தயமாவது, ஒரு கோட்டில் புறப்பட்டு மறு கோட்டைத் தொடுவது.' தூரம் எங்கே?"

"உங்கப்பா தூரத்தை எழுதவே இல்லை மகாராஜா" என்றாள் மரகதம். " நாம சேர்க்கலாம்னா, ஒரு எழுத்து கூடக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிட்டீங்க."

ராஜா புத்தகத்தை மூடினார். "பந்தயம்தான்."

அரைமணி நேரத்தில் பதின்மூன்று பேரும் ஆளுக்குப் பத்து முடித்துவிட்டார்கள். கோதண்டம் அசரவில்லை.

"சரி, ஓட்டட்டும். ஆனா விதி பன்னிரண்டு என்ன சொல்லுது? அதிகப் பந்தயம் முடித்தவரே பந்தய நாளில் தலைவர். தடத்தில் அவர் சொல்தான் செல்லும். நான் நூற்றுப் பன்னிரண்டு முடித்தவன். என் உத்தரவு, பெரியவங்க ஓட்டி முடிக்கிற வரைக்கும் பிள்ளைங்க கார் கடைசி வளைவுல ஓரமா நிக்கணும்."

சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

"எப்ப திரும்பி வருவீங்க தளவாயாரே?" என்றாள் மரகதம், பணிவாக.

"மூன்றரைக்கு. கோப்பைப் பந்தயம் நாலு மணிக்குத்தானே."

"அவசரமில்லை. நல்லாத் தூங்கி எழுந்து வாங்க."

அவர் தலை மறைந்ததும் நஸ்ரின் பக்கம் திரும்பினாள். "கட்டைவிரல் வலிக்குதா?"

"இல்ல ஆன்ட்டி."

"இனிமே வலிக்கும். இன்னும் நூற்று மூணு ஓட்டணும்."

நஸ்ரின் ஓட்டினாள். எதிரே மாறி மாறி ஒவ்வொரு பிள்ளையும் ஓட்டியது. நான்கு முறை பேட்டரி மாற்றினார்கள். சும்மா வேடிக்கை பார்த்த கிழவர்களுக்குக் கை அரித்தது. ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் முதலில் வரிசையில் நின்றார். இன்னொருவர் மண்டியிட்டு ஒரு பையனின் கார் சக்கரத்தைச் சரிசெய்து கொடுத்தார். மகாராஜா ஆறு வயதுப் பெண்ணிடம் தொடர்ந்து ஏழு தடவை தோற்று, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்குக் கோதண்டம் வந்தார். தூக்கத்தில் மீசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"பிள்ளைங்க எல்லாரும் ஓரமாப் போங்க!"

யாரும் நகரவில்லை. "தலைவர் அப்படிச் சொல்லலையே" என்றாள் மரகதம்.

"தலைவர் நான்தானே!"

மரகதம் பதிவேட்டை நீட்டினாள். ராஜா உரக்கப் படித்தார்: "கோதண்டம், நூற்றுப் பன்னிரண்டு. நஸ்ரின், நூற்றுப் பதின்மூன்று."

தளவாய் பதிவேட்டைப் பிடுங்கி, விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது.

"தலைவரம்மா, உத்தரவு என்ன?" என்றார் ராஜா.

நஸ்ரின் வீங்கிய கட்டைவிரலை ஊதிக்கொண்டே யோசித்தாள். "எல்லாரும் ஒண்ணா ஓட்டலாம். யார் கார் கவுந்தாலும் பக்கத்துல நிக்கிறவங்க தூக்கி விடணும். யாரும் சிரிக்கக் கூடாது."

"அப்ப என் கதி?" என்றார் கோதண்டம். "நேத்து வந்த பிள்ளைக்குக் கீழேயா நான்?"

மரகதம் அவருடைய ரிமோட்டை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள்.

"கவலைப்படாதீங்க தளவாயாரே. இன்னியிலிருந்து நம்ம சங்கத்துல அனுபவம் கம்மியா இருக்கறவங்களையும் சேர்த்துக்கறோம்."

ராஜா சிரித்த சிரிப்பில் அவர் கார் தானாகக் கிளம்பிப் போய்ப் பூச்செடியில் மோதியது. முத்துமாலையெல்லாம் எப்போதோ போய்விட்டதால், கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி மரகதத்துக்குப் பரிசளித்தார்.