சித்திர மாடத்துக்குக் கூரை கொடுத்தவர்கள்

கேளுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள், எனக்குக் கோபம் இல்லை. கப்பல்களுக்குப் பாயும் காற்றும்தான் கதி என்றிருந்த காலத்தில் நடந்தது இது. அப்போது வெண்மணல்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. அதை ஆண்ட அரசனுக்குச் சித்திரம் என்றால் உயிர். கடற்கரை ஓரம் பெரிய மாடம் ஒன்று கட்டினான். துணியில் தீட்டிய சித்திரங்களைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டான். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கதவையும் திறந்து வைத்தான்.

அவன் போய்ச் சேர்ந்தான், மகன் பட்டத்துக்கு வந்தான். மகனுக்கு யானை என்றால் உயிர். மாடத்துக்கு அரண்மனையிலிருந்து வந்துகொண்டிருந்த நெல்லும் எண்ணெயும் ஒரே மாதத்தில் நின்றுபோயின.

மாடத்தைக் காத்துவந்தவள் பெயர் எயினி. காலையில் கதவைத் திறப்பாள், பூச்சி அரிக்காமல் வேப்பிலைப் புகை போடுவாள். பிற்பகலில் யார் வந்து கேட்டாலும் கரித்துண்டைக் கையில் கொடுத்துக் கோடு போடக் கற்றுத்தருவாள். பௌர்ணமிதோறும் உப்பளத்து ஆட்களையும் வலை பின்னும் பெண்களையும் உட்காரவைத்து, ஒவ்வொரு சித்திரமாக விளக்கைத் தூக்கிக் காட்டிக் கதை சொல்வாள். அரசன் கைவிட்டதும் அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தவில்லை. ஊரிலிருந்த மூன்று பெரிய வணிகர் வீடுகளுக்கு நடந்தாள்.

முத்து வணிகன் நன்னாகன், மிளகு வணிகன் கீரந்தை, துகில் வணிகன் சேந்தன். மூவரும் நல்லவர்கள்தான், வாய்க்கு வந்தபடி குறை சொல்லக்கூடாது. கேட்டதும் கொடுத்தார்கள். மாடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரம் கொடுத்தவர் பெயரை மஞ்சள் சாந்தால் ஒரு பலகையில் எழுதி அதன் கீழே மாட்டுவார்கள். பெயரைப் பார்த்ததும் மூவருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. நன்னாகன் ஒன்று கொடுத்தால் கீரந்தை இரண்டு கொடுத்தான். கீரந்தை இரண்டு கொடுத்தால் சேந்தன் மூன்று கொடுத்தான். பௌர்ணமி விளக்குக்கு எண்ணெயும் கொடுத்தார்கள், ஏனென்றால் விளக்கடியிலும் ஒரு பலகை மாட்ட இடம் இருந்தது.

எல்லாம் சரி, கூரை ஒழுகியது. கடல்காற்றில் ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. எயினி நன்னாகனிடம் போய் ஓடு கேட்டாள், ஒரு சித்திரம் வந்தது. கீரந்தையிடம் போய் ஓடு கேட்டாள், இரண்டு சித்திரம் வந்தது. சேந்தனிடம் போனாள். அவன் சிரித்துக்கொண்டே, ஓட்டில் பெயர் எழுதினால் காக்கையா வந்து படிக்கப்போகிறது என்று கேட்டுவிட்டு, மூன்று சித்திரம் கொடுத்தனுப்பினான். யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கையை இழுப்பது என்பார்களே, அதுதான் இது. அவள் கொண்டுவந்து மாட்டினாள், மறுநாளே மறுபடி கேட்கப் போனாள். இப்படி மூன்று முறை.

அதற்குள் யானைப்படைத் தலைவன் அரசன் காதில் ஓதிவிட்டான். மாடம் உயரமாக இருக்கிறது, அகலமாக இருக்கிறது, நாற்பது யானை கட்டலாம் என்றான். இளைய அரசன் கெட்டவன் இல்லை, அதனால் ஒரு தவணை கொடுத்தான். ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் காலை நானே வருவேன், ஒரே ஒரு சித்திரம் நனைந்திருந்தாலும் மாடம் யானைக் கொட்டிலாகும் என்று சொல்லி அனுப்பினான்.

ஐப்பசி வந்தது. மேகம் கறுத்தது. எயினி மூன்று வணிகருக்கும் ஆள் அனுப்பினாள். மழைக்கு மறுநாள் அரசன் மாடத்துக்கு வருகிறான், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள் என்றாள். விடுவார்களா? பட்டும் சந்தனமுமாக உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

இரவெல்லாம் கொட்டிய மழை காலையிலும் விடவில்லை. அரசன் வந்தான், கதவைத் திறந்தார்கள். சுவரில் ஒரு சித்திரம்கூட இல்லை. பலகைகள் மட்டும் வரிசையாக மாட்டியிருந்தன. கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவற்றின்மேல் விழுந்து, மஞ்சள் சாந்து கரைந்து, மூன்று பெரிய மனிதர்களின் பெயர்களும் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. நன்னாகன் ஒழுகும் சாந்தைக் கையால் தடுக்கப் பார்த்தான். கீரந்தை மேல்துண்டால் பலகையைத் துடைக்கப்போய், மிச்சமிருந்த எழுத்தையும் அழித்தான். சேந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது.

எயினி பயப்படவில்லை. சித்திரங்களை முதல் நாளே சுருட்டி, கப்பல் பாய்த்துணியில் கட்டி, உப்பளத்தார் வீடுகளில் வைத்துவிட்டதாகவும் ஒன்றும் நனையவில்லை என்றும் அரசனிடம் சொன்னாள். யானைப்படைத் தலைவன் விடுவதாக இல்லை. வெறும் சுவருக்கு எதற்கு மாடம் என்றான். அரசனும் யோசித்தான், இன்றே சித்திரங்களைத் திரும்ப மாட்டு, இல்லாவிட்டால் சாவியைக் கொடு என்றான்.

"ஒழுகுகிற கூரையின் கீழ் ஒன்றையும் மாட்ட மாட்டேன், அரசே" என்றாள் எயினி. "சாவி வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்."

இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து நீட்டியும்விட்டாள், அரசன் வாங்கிக்கொண்டான். அவளுக்கு அந்த மாடத்தை விட்டால் உலகத்தில் வேறொன்றும் இல்லை.

சேந்தன் குறுக்கே வந்தான். கோபம் அவனுக்கு இன்னும் அடங்கவில்லை. தன் சித்திரங்கள் எந்த வீட்டில் கிடக்கின்றன, அங்கே மட்டும் நனையாதா என்று அதட்டினான். கூட்டத்தின் பின்னாலிருந்து கொற்றன் என்ற உப்பளத்து ஆள் முன்னால் வந்தான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான்.

"என் வீட்டில் இருக்கிறது, ஐயா" என்றான்.

"உன் வீடு ஒழுகாதா?"

"ஒழுகும் ஐயா. ஒழுகாத மூலை ஒன்று இருக்கிறது. அங்கே சித்திரங்களை வைத்துவிட்டு, நாங்கள் ஒழுகுகிற பக்கம் உட்கார்ந்துகொண்டோம்."

கொற்றன் பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னான். அவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை, அதை அவன் எதிர்பார்க்கவும் இல்லை. சேந்தன் சுவருக்குப் போய், தன் பலகைகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்தான்.

"முதலில் கொற்றன் வீட்டுக்குக் கூரை போடுவோம்" என்றான். "பிறகு மாடத்துக்கு. என் பெயரை எங்கும் எழுத வேண்டாம்."

நன்னாகன் பாதி ஓடு என்னுடையது என்றான். கீரந்தை வருஷாவருஷம் ஓடு மாற்றுகிற செலவு என்னுடையது என்றான். அரசன் சாவியை எயினி கையில் திரும்ப வைத்து அழுத்தினான். மறுவாரம் நாற்பது யானைகளும் மாடத்துக்கு வந்தன. முதுகில் ஓடு சுமந்து வந்து, வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போயின.

அடுத்த ஐப்பசியிலும் மழை பிடித்துக்கொண்டது. பௌர்ணமிக்கு உப்பளத்துச் சனம் எல்லாம் மாடத்தில் உட்கார்ந்து எயினியிடம் கதை கேட்டது. சேந்தனும் கூட்டத்தில் ஒருவனாகக் கொற்றன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எல்லார் கண்ணும் சித்திரத்தின்மேல் இருந்தது, ஒருவர்கூடக் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை.

தன் பெயர் தெரியாத இடத்திலும் மனமுவந்து கொடுப்பவனே கலையைக் காப்பாற்றுகிறான்.