ஒரே மூச்சில் ஒரு வரி

அரை மதிப்பெண்ணைப் பற்றிய வழக்கு இது. தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டு வாயைத் திறந்தால் நல்லது.

வயலட் என்று ஒரு பாடகி, பெரம்பூர்க்காரி. உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதுதான் கதையே. தொண்ணூற்றேழில் ‘மின்சார மீன்கள்’ என்று ஒரு பாப் கேசட் போட்டாள். வெள்ளி நிற ஜாக்கெட்டில் மெரினா மணலில் அவள் ஆடிப் பாடிய வீடியோவை ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் போட்டார்கள். மூன்று மாதம் பஸ்ஸில் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்த மோகம் ஓய்ந்தது. இரண்டாவது கேசட் போட யாரும் முன்வரவில்லை.

வயிறு சும்மா இருக்குமா? சினிமாவுக்கு டிராக் பாடப் போனாள். பெரிய பாடகி ஊரில் இல்லாதபோது படப்பிடிப்புக்காக வேறொருத்தி முதலில் பாடிக் கொடுப்பதுதான் டிராக். பெரிய பாடகி வந்து பாடியதும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். மேல் ஸ்தாயியில் வயலட்டின் குரல் அச்சு அசலாகப் பத்மஜாவின் குரல் மாதிரியே இருக்கும். பத்மஜா அப்போது உச்சத்தில் இருந்த பாடகி. அவளுக்கு டிராக் என்றால் வயலட்டைத்தான் கூப்பிடுவார்கள். இப்படிப் பதினோரு வருஷம் அழிப்பதற்கென்றே பாடினாள். முதல் வருஷம் அழுதாள், அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

ஒரு பாட்டில் மட்டும் அழிக்கவில்லை. பத்மஜா ஜலதோஷத்தோடு வந்து, இரண்டு விமானங்களுக்கு நடுவே அவசரமாகப் பாடிவிட்டுப் போனாள். சரணத்தின் நீண்ட கடைசி வரியில் பாதிக்கு மேல் குரல் எழும்பவில்லை. மறுபடி கூப்பிடத் தேதி இல்லை. இசையமைப்பாளர் கோதண்டம் வயலட்டின் டிராக்கிலிருந்து பின்பாதியை எடுத்து ஒட்டிவிட்டார். ஒட்டிய இடம் தெரியவில்லை.

“இது வெளிய போகக் கூடாது வயலட். போச்சுன்னா அந்தம்மா பேரும் போயிடும், பாட்டும் போயிடும். சத்தியம் பண்ணு.”

“சத்தியமா சொல்ல மாட்டேன் சார்.”

அவளுக்கு அப்போது பசி ஒன்றுதான் தெரிந்தது. கேண்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்த வரியை ஒரே மூச்சில் பாடியதற்காகவே பத்மஜாவுக்கு விருது கிடைத்தது.

இப்போது வயலட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. கோதண்டம் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. ஒரு டிவி பாட்டுப் போட்டியில் பின்வரிசையில் நின்று கோரஸ் பாடுகிறாள். நடுவர் நாற்காலியில் பத்மஜா. இறுதிச் சுற்றில் ஜெயித்தால் சினிமாவில் பாட வாய்ப்பு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் நஸ்ரீன், சம்பளமில்லாத லீவில் வந்தவள், அதே பாட்டைப் பாடினாள். கடைசி வரியின் நடுவில் சின்னதாக ஒரு மூச்சு எடுத்தாள்.

“ஒரே மூச்சுல பாடணும்மா. ஒரிஜினல் அப்படித்தானே இருக்கு?” என்று பத்மஜா ஒரு மதிப்பெண் பிடித்துக்கொண்டாள். கூட்டிப் பார்த்தபோது, அரை மதிப்பெண்ணில் நஸ்ரீன் தோற்றிருந்தாள்.

முடிவை அறிவிக்க இருபது நிமிஷம் இருந்தது. வயலட்டின் கால்கள் தாமாகவே பத்மஜாவின் மேக்கப் அறைக்குப் போயின. கோபமோ துக்கமோ அவளுக்கு இல்லை. மரத்துப்போன பல்லை நாக்கு தடவிப் பார்க்கிற மாதிரிதான் போனாள்.

“மேடம், அந்த வரிய யாரும் ஒரே மூச்சுல பாடல. முன்பாதி நீங்க, பின்பாதி நான்.”

பத்மஜா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: “தெரியும். தியேட்டர்ல கேட்டப்பவே தெரிஞ்சுது. மேடையில அந்த வரி வந்தா மைக்கை ஜனங்க பக்கம் நீட்டிடுவேனே, எதுக்குன்னு நெனச்சே?”

“அந்தப் பொண்ணு மார்க்கைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“காரணம் கேப்பாங்களே. நீயே மேடையில சொல்லு. நான் மறுக்க மாட்டேன்.”

“சார்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம். வெளிய சொல்ல மாட்டேன்.”

பத்மஜா மேடையேறி மைக்கை வாங்கினாள். “நஸ்ரீனுக்கு நான் குறைச்ச மார்க்கைத் திருப்பித் தர்றேன். தப்பு என்னோடது.” அதற்கு மேல் பேசவில்லை. கூட்டத்தில் சலசலப்பு. ‘வேண்டியவங்களா இருக்கும்’ என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள்.

நஸ்ரீன் கேட்டாள்: “என்ன தப்பு மேடம்? நான் நடுவுல மூச்சு எடுத்தது நிஜந்தானே?”

பத்மஜா பின்வரிசையைப் பார்த்தாள். வயலட் மைக் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம்தான்.

“காரணம் தெரியாம வாங்கிக்க முடியாது மேடம். ஊருக்குப் போனா நாலு பேர் கேப்பாங்க. அந்த மார்க் எனக்கு வேணாம்” என்றாள் நஸ்ரீன். எதிராளியின் பெயரை அறிவித்தார்கள். திங்கட்கிழமை நஸ்ரீன் தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

கொடுத்த சத்தியத்தை வெளியே உடைக்காமல், உரியவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள் வயலட். காரணத்தை மறைத்தாலும், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு மதிப்பெண்ணைத் திருப்பினாள் பத்மஜா. கைக்கு வந்த வெற்றியை வேண்டாமென்றாள் நஸ்ரீன். இந்த மூன்று பேரில் யார் செய்தது சரி?

விடை: நஸ்ரீன் செய்ததுதான். தனக்குத் தெரிந்த அளவில் அவள் நேர்மையாக நடந்தாள், அதற்கான நஷ்டத்தையும் அவளே ஏற்றாள். பத்மஜா திருப்பிக் கொடுத்தது மதிப்பெண்ணை மட்டும்தான், அந்த வரியால் கிடைத்த பேரை அல்ல. வயலட்டின் சத்தியம் பெரியதுதான், ஆனால் அதில் அவள் விட்டுக்கொடுத்தது தன் பெயரை. அது அவளுடையது, கொடுக்கலாம். ஆம்பூர்க்காரியின் வாய்ப்பு அவளுடையதல்ல. சத்தியம் வாங்கியவரே உயிரோடு இருந்திருந்தாலும் அதைக் கேட்டிருக்க முடியாது. இதையெல்லாம் வயலட்டிடம் போய்ச் சொன்னால், “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பாள். இருபத்தைந்து வருஷமாக எல்லோரிடமும் அவள் அதையேதான் சொல்லிவருகிறாள்.