வெங்காயக் காட்டுக்கு அடியில் காளையின் வால்

காங்கேயத்துக்குத் தெற்கே, பழைய மாட்டுப் பண்ணை இருந்த மேட்டில் தொல்லியல்காரர்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒரு மாட்டெலும்பு கிடைத்தது. ஒரு முழம்கூட இல்லை. ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி நாச்சிமுத்துவுக்கு அது போதாதா? பகல் சோற்றுக்கு வேலமரத்தடியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"எங்க பாட்டன் பண்ணைங்க மேடம் இது. நாலாயிரம் உருப்படி. கறந்து ஊத்துன பாலு ஓடையில நொரைகட்டி ஓடும். அக்கரைக்குப் பரிசல்லதான் போவோணும்."

"வெண்ணெ தெரண்டிருந்தா நடந்தே போயிருக்கலாமே?" என்றான் குழி வெட்டும் குப்பணன்.

"மார்கழியில நடந்துதான்டா போனாங்க. கோடையில உருகிப்போயிரும்."

மண் சலிக்கிற தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த குழி எங்கே என்று தொல்லியல் அதிகாரி திலகவதி மேடம் இன்றைக்குத்தான் முடிவு செய்யப்போகிறார். மேட்டை ஒட்டியிருப்பது அவளுடைய வெங்காயக் காடு. பிடுங்க இன்னும் இருபது நாள் கிடக்கிறது. இந்த ஆளின் வாய் எங்கே போய் நிற்குமோ என்று அவர் பேச்சையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"காலையில கெடச்சது எங்க மயிலைக் காளைங்க. அதோட ஒரு கொம்புல கூடு கட்டுன காக்காயிக்கு மறு கொம்புக் காக்கா அசலூரு. அது தும்முனா தாராபுரத்துல ஓடு பறக்கும்."

"முன்னாடியே ஊருக்குத் தாக்கல் சொல்லுவாங்களா?" என்றான் குப்பணன்.

"தமுக்கடிச்சுச் சொல்லுவாங்கடா!"

மேடமும் சிரித்தார். ஆனால் நோட்டைப் பிரித்துவிட்டார். "அதை எங்க பொதைச்சாங்க?"

"செத்து விழுந்த எடத்துலயே மூடிட்டாங்க. தூக்க ஆளேது? வாலு மட்டும் நூறடிங்க. இந்த அம்மிணி வெங்காயக் காட்டுக்கு அடியிலதான் கெடக்குது. நாளைக்கே தோண்டுங்க."

தெய்வாத்தாள் விருட்டென்று எழுந்தாள்.

"ஏனுங்ண்ணா, வாலே நூறடின்னா உடம்பு எத்தனை அடிங்க?"

"நானூறு இருக்கும் அம்மிணி. அந்தப் பனைமரத்தையும் தாண்டி..." கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"பனைக்கு அந்தப் பக்கம் உங்க புது வீடுதானுங்களே இருக்குது! மேடம், வாலைத் தோண்டி என்னத்தக் காணப்போறீங்க? தலையும் கொம்பும் அண்ணன் வீட்டு டைல்ஸுக்கு அடியில இருக்குது. நடுக்கூடத்துல குழியப் போடுங்க."

மேடம் பேனாவைத் திறந்தார். "காலையில வந்து அளந்துரலாங்களா மேஸ்திரி?"

நாச்சிமுத்து கையிலெடுத்த சோற்றைத் திரும்பப் போசியிலேயே போட்டார்.

"அது கன்னுக்குட்டிதானுங்க மேடம். பொறக்கையிலேயே தலையும் இல்லீங்க, வாலும் இல்லீங்க."