தமுக்குக்குக் கூடிய நீர்க்காகங்கள்

ஊரைவிடக் காடு பெரிதாக இருந்த காலம் அது, கேளுங்கள். அப்போது ஒரு ஊர்க் கண்மாயில் மீன்காவல் பார்த்தவன் பெயர் கழுவன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஒவ்வொரு மீன்பிடி நாளிலும் கரையில் தமுக்கு அடிப்பார்கள். ஊரே கூடையோடு தண்ணீரில் இறங்கும். பெரிய மீனை எடுத்துக்கொண்டு, பொடிமீனைக் கரையில் வீசிவிட்டுப் போவார்கள்.

ஒரு வருஷம் நீர்க்காகங்கள் வந்தன. முதலில் நாலு, பிறகு நாற்பது. பிறகு கருவேலமரமெல்லாம் கறுப்பாகிவிட்டது. கண்மாயில் மீன் குறைந்தது.

ஊர்த்தலைவர் அம்பலகாரர் வந்து பார்த்தார். "ஏன்டா கழுவா, நீ மீனுக்குக் காவலா, காக்காவுக்குக் காவலா? மாசித் திருவிழாவுக்குள்ள விரட்டு. இல்லேன்னா வேற ஆள் பார்த்துருவேன்."

கழுவனுக்கு அந்தக் காவல்தான் சோறு. தமுக்கை எடுத்து அடித்தான். பறவைகள் எழும்பின, எழும்பிக் கரையிலேயே வந்து இறங்கின.

மறுநாள் இன்னும் பெரிய தமுக்காக அடித்தான். பக்கத்துக் கண்மாய்ப் பறவைகளும் வந்தன.

அதற்கு மறுநாள் மச்சான்மாரையும் கூட்டிவந்து அடித்தான். வானமே இருண்டுபோயிற்று.

கழுவனுக்குத் தலை சுற்றியது. பயந்து ஓடத்தானே வேண்டும்? காது கேட்கவில்லையா? கேட்காவிட்டால் எப்படி வருகின்றன? கேட்டால் ஏன் வருகின்றன? ஒரு நீர்க்காகம் காலடியில் வந்து நின்று, அவன் கையையே பார்த்தது. அவனும் தன் கையைப் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை.

கஞ்சி கொண்டுவந்த அவன் பெண்டாட்டி ஒச்சாயி சிரித்தாள். "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, ஏன் வந்தீகன்னு கேட்டா எப்படி?"

"யாரு கூப்பிட்டா?"

"இந்தச் சத்தம் கேட்டா மீன் விழும்னு பழக்குனது யாரு? நீங்களும் உங்க ஊரும்தானே."

கழுவன் கண்மாயில் இறங்கிப் பொடிமீன் பிடித்தான். அதைக் கூடையில் அள்ளி ஒச்சாயி தலையில் ஏற்றினான். தமுக்கை அடித்துக்கொண்டே மலையடிவாரத்துப் பெரிய ஏரிக்கு நடந்தான். பறவைகள் பின்னாலேயே வந்தன. மீனை அங்கே வீசினான். மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். ஆளே இறங்காத அந்த ஏரியில் மீனுக்குப் பஞ்சமில்லை. பறவைகள் அங்கேயே தங்கிவிட்டன.

அதன்பிறகு ஊர்க்கண்மாயில் தமுக்குச் சத்தம் இல்லை. பொடிமீன் வயலுக்கு எருவாகப் போனது. நாலைந்து நீர்க்காகங்கள் மட்டும் திரும்பி வந்தன. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான்.

மாசியில் கூடைகள் நிறைந்தன. "பரவாயில்லையே, விரட்டிட்டியேடா" என்றார் அம்பலகாரர்.

"விரட்டலைங்க சாமி. கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்."

நாமே பழக்கிவிட்டதை மிரட்டி விரட்ட முடியாது; பழக்கிய வழியிலேயே கூட்டிப்போய்த்தான் விட வேண்டும்.